புவியின் கோளவகம் பூட்டிய அறையா?

நாம் நிற்கும் நிலத்திலிருந்து புவியின் நடுவுக்குள்ள தூரம் ஏறத்தாழ 6,370 கிலோமீற்றர். மனிதன் இட்ட துளைகளுள் மிக ஆழமானது இரசியாவின் கோலாக் குடாநாட்டில் உள்ளது. 1989 இல் அது எய்திய ஆழமோ 12 கிலோமீற்றரைச் சிறிதே விஞ்சியது. ஆதலின், பாதாளத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுட் பெரும்பாலன நேரிற் கண்டவையல்ல; புவிநடுக்க அலைகளும் எரிமலைப் பாறைகளும் கூறும் சாட்சியத்தால் உய்த்துணர்ந்தவையே. அச்சாட்சியங்களுள் அண்மையிற் பெரிதும் பேசப்படும் ஒன்றை ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

புவியோட்டின் கீழே, 2,900 கிலோமீற்றர் ஆழம் வரை பரந்திருப்பது பாறையாலான மென்மூடி. அதன் கீழுள்ளது இரும்பும் நிக்கலும் மிகுந்த கோளவகம். புவியின் திணிவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அதற்கே உரியது. கோளவகம் உண்டென்பதை 1906 இல் ஓல்டாம் என்னும் அறிஞர் புவிநடுக்க அலைகளைக் கொண்டு காட்டினார். உருகிய புறப்பகுதியினுள்ளே வேறோர் உட்பகுதியும் உண்டென 1936 இல் தென்மார்க்கு நாட்டு அம்மையார் இங்கே லேமன் நிறுவினார். புவியின் இளமையிற் பிரிந்த பாறையும் உலோகமும் அன்றுதொட்டுக் கொடுக்கல் வாங்கல் இன்றியே இருக்கின்றனவா என்பதே வினா.

கல்லூரியில் இரசாயனம் பயின்றோர் சமதானி என்னுஞ் சொல்லை மறந்திரார். ஒரே மூலகத்தின் அணுக்கள் இரசாயன இயல்பில் ஒத்திருந்தும் திணிவில் வேறுபடுமாயின் அவை சமதானிகளாம். மின்குமிழின் இழைக்குப் பயன்படும் தங்குதனுக்கும் இத்தகைய சமதானிகள் பல உண்டு. அவற்றுள் தங்குதன்-182 என்பது, ஹஃப்னியம்-182 என்னும் கதிர்த்தொழிற்பாடுடைய அணு தேய்வதாலும் உண்டாவது. இவ்வணுவின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளே.

புவி உருவானபோது தங்குதனிற் பெரும்பகுதி இரும்புடன் சேர்ந்து கோளவகத்துக்கு இறங்கிற்று. ஹஃப்னியமோ பாறையிலேயே தங்கிற்று. அங்கு எஞ்சியிருந்த ஹஃப்னியம்-182 தேய்ந்து தேய்ந்து மென்மூடியின் தங்குதன்-182 ஐப் பெருக்கியது. இதன் பயனாக, மென்மூடியிலும் பார்க்கக் கோளவகத்தில் அச்சமதானியின் விகிதம் மில்லியனில் ஏறத்தாழ 200 பங்கு குறைந்தது. ஹஃப்னியம்-182 அக்காலத்திலேயே அழிந்துபோயிற்று. அது இட்ட முத்திரை மட்டும் அழியவில்லை.

இம்முத்திரை தாங்கிய பாறை எங்கேனும் மேலே வருகின்றதா? 1998 இல் ஹவாய்த் தீவுப் பாறைகளின் ஓசுமியச் சமதானிகளை ஆராய்ந்த அறிஞர் சிலர், கோளவகத்தின் கலப்பு உண்டெனக் கூறினர். 2004 இல் தங்குதனை ஆராய்ந்த வேறு சிலர், கலப்பு இல்லையென மறுத்தனர். வழக்கு முடிந்ததெனவே பலரும் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் திணிவுகளைப் பிரித்தளக்கும் கருவிகள் மேன்மேலும் நுண்மை பெற்றன. 2017 இல் ஹவாய், சமோவா, ஐசுலாந்து ஆகியவற்றின் பாறைகளிலே தங்குதன்-182 இன் விகிதம் மில்லியனில் 18 பங்கு வரை குறைந்திருத்தல் வெளியாயிற்று. முன்னர்க் காணப்படாதது முன்னரும் அங்கு இருந்ததே. அதனைக் காணும் கண்தான் இருக்கவில்லை.

எனினும், மென்மூடியினுள்ளே ஆதியில் ஒதுங்கிய யாதேனும் ஒரு பகுதியும் இக்குறைவை உண்டாக்கலாமன்றோ என்ற ஐயம் எஞ்சிற்று. 2025 இல் செருமனியின் கேற்றிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர் உருத்தேனியத்தைச் சாட்சிக்கு அழைத்தனர். உருத்தேனியம்-100 ஹஃப்னியத்தின் தேய்வால் வருவதன்று. கோளவகத்தின் உருத்தேனியமும், கோளவகம் பிரிந்தபின் விண்கற்களால் மென்மூடியிற் சேர்ந்த உருத்தேனியமும் வெவ்வேறு மூலப்பொருள்களிலிருந்து வந்தவை. ஆகவே கோளவகத்தில் உருத்தேனியம்-100 சிறிது மிகும். ஹவாய்ப் பாறைகளில் அம்மிகுதி காணப்பட்டது. விண்கற்பொருள் சேராத பழைய மென்மூடியாயின் தங்குதன்-182 உம் மிகுந்திருத்தல் வேண்டும். ஈண்டோ அது குறைந்துள்ளது. தங்குதனின் குறைவும் உருத்தேனியத்தின் மிகுதியும் ஒருங்கு பொருந்தும் இடம் கோளவகமே.

கோளவகத்திற் பொன்னும் நிறைந்திருத்தலின், இனிப் பொன் பொங்கிவரும் என மகிழ்வார்க்கு ஒன்று கூறுவோம். உருகிய உலோகமே பெருமளவில் ஏறிவந்திருப்பின் பிளாற்றினமும் ஓசுமியமும் அப்பாறைகளில் வெகுவாக மிகுந்திருத்தல் வேண்டும், அவ்வாறு காணப்படவில்லை. இரு வகுப்பறைகளின் மாணவர் ஒருவர்க்கொருவர் இடம்மாறினால் தொகை மாறாது, ஆட்களே மாறுவர். அவ்வாறே எல்லையில் அணுக்கள் இடம்மாறுகின்றன என்பர் ஒரு சாரார். குளிரும் கோளவகத்திலிருந்து ஒட்சைட்டுக்கள் பிரிந்து மென்மூடியிற் சேர்கின்றன என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆயினும் பூட்டிய அறையென நாம் கருதிய கோளவகத்தின் கதவு சிறிதேனும் திறந்துள்ளது என்பதற்குச் சான்று வலுத்துவிட்டது. ஆய்வுகூடத்திலே தராசின் முன் நிற்கும் நம் இளமாணவர்க்கு இதிலொரு பாடமுண்டு. ‘காணப்படவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல. முன்னதை எழுதுவதற்கு நேர்மை போதும். பின்னதை எழுதுமுன் தம் கருவியின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும்.