ஒளியும் உடலும் – 9
கார்போகரிசி சொல்லும் எச்சரிக்கை

பல்லை வெளுக்கச் செய்வது பெராக்சைடு மருந்தேயன்றிப் பல்லின்மேல் காட்டும் விளக்கன்று என்பதைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். அவ்விளக்காலும் மருந்தாலும் உதட்டுக்கும் ஈறுக்கும் நேரக்கூடிய தீங்கை இவ்வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன்.

உதட்டின் மேல்தோல் மிக மெல்லியது. வெயிலைத் தாங்கும் நிறமியும் அதில் சொற்பம். வீட்டு உபயோகத்திற்கென விற்கும் கருவிகள் பெரும்பாலும் நீல ஒளியையே வீசுகின்றன. ஆனால் சிகிச்சை நிலையங்களில் வழங்கிவந்த விளக்குகளில் சில, 400 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதாக் கதிரையும் வெளியிடுபவை. உதட்டை மறைக்காமல் அதன் முன் அமர்ந்தால் தோல் வெந்து கொப்புளிக்கக்கூடும்.

இக்கதிரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நம் நாட்டு மருந்துக் கடையின் கார்போகரிசி வந்து குறுக்கிட்டது. சிறிய அவரை விதையைத் தட்டையாக்கிக் கறுக்க வைத்தாற்போன்ற அவ்விதையை அரைத்து வெண்படையின்மீது பூசி, இளவெயிலில் அமரச் செய்வது நெடுநாளைய வைத்திய முறை. அதில் அடங்கிய சோராலென் என்னும் பொருளை 1933-இல் இந்திய ரசாயன அறிஞர்கள் பிரித்தெடுத்தார்கள். அதே இனத்துப் பொருளை நைல் நதிக்கரைச் செடியொன்றின் விதையிலிருந்து பெற்று, 1940-களில் கெய்ரோவில் எல் மொஃப்தி என்ற சரும வைத்தியர் வெண்படைக்குக் கொடுத்தார். 1974-இல் அமெரிக்க வைத்தியர்கள் புற ஊதா விளக்கோடு அதைச் சேர்த்துச் சொரியாசிஸ் நோய்க்குப் பிரயோகித்தார்கள். எத்தனை தேசங்கள் கடந்தும் தத்துவம் ஒன்றே: இருளில் சாதுவாக இருக்கும் மருந்து, கதிர் பட்ட கணத்தில் உயிரணுவின் மரபிழைகளைப் பற்றிப் பிணைத்துவிடுகிறது. அதனால் உண்டாகும் சிவப்பு உடனே தெரிவதில்லை. இரண்டு மூன்று நாள் சென்றே உச்சத்தை அடைகிறது.

ஆகவே, சோராலென் சிகிச்சையில் இருப்பவர் புற ஊதா விளக்கின் முன் வாய் திறந்து அமர்ந்தால், எழுந்து செல்லும்போது யாதொரு துன்பமும் அறியாமல் போய், மூன்றாம் நாள் உதடு வெந்து வருந்த நேரும். முகப்பருவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினும் சருமத்தை ஒளியால் எளிதில் தீங்குறச் செய்யும் மருந்தே. குழந்தைப் பருவத்தில் பல்லைக் கறைப்படுத்தும் டெட்ராசைக்ளினின் குடும்பத்தைச் சேர்ந்தது அது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

விதையின் கதை நீண்டுவிட்டபடியால், பெராக்சைடு பட்டு ஈறு வெளுத்து எரியும் செய்தியை அடுத்த வாரத்திற்கு வைத்துக்கொள்கிறேன். அதற்குள் பல் வைத்தியரிடம் செல்லும் அன்பர்கள் மூன்று காரியங்களை மறவாதிருக்க வேண்டும்: உட்கொள்ளும் மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், விளக்கு எவ்வகை ஒளியைத் தருகிறதென்று கேளுங்கள், உதட்டையும் கண்ணையும் மறைத்த பின்னரே அதை ஏற்றச் சொல்லுங்கள்.