சர்வருக்கு உங்கள் பெயர் தெரியாது

பள்ளிக் கணினி அறையில் இரண்டு லினக்ஸ் கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பொதுச் சேமிப்பகத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. திங்கட்கிழமை முதல் கணினியில் உட்கார்ந்து, அறிவியல் திட்டப்பணியை அந்தச் சேமிப்பகத்தில் வைக்கிறீர்கள். உங்களைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி அனுமதியையும் அமைக்கிறீர்கள்.

புதன்கிழமை இரண்டாம் கணினி. அதே பெயர், அதே மறைச்சொல். கோப்பைத் திறந்தால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்கிறது! அதைவிட விந்தை, உங்கள் தோழி பூட்டி வைத்திருந்த கோப்பு உங்களுக்குத் தாராளமாகத் திறக்கிறது.

கணினி பழுதாகிவிடவில்லை. லினக்ஸ் உங்களைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை, எண்ணால் காண்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் முதலில் திறக்கப்படும் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001 என்று எண் கிடைக்கும். முதல் கணினியில் உங்கள் கணக்கை முதலில் திறந்தார்கள். நீங்கள் 1000, தோழி 1001. இரண்டாம் கணினியில் வரிசை மாறிவிட்டது. அங்கே தோழிதான் 1000. கோப்பின் மீது எழுதப்பட்டிருப்பது எண் மட்டுமே. ஆகவே புதன்கிழமை நீங்கள் சேமிப்பகத்தின் கண்ணுக்குத் தோழியாகத் தெரிந்தீர்கள்.

‘சர்வர் சரிபார்க்காதா?’ என்று கேட்கலாம். கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984ல் உருவாக்கிய முறைதான் நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம், சுருக்கமாக என்எஃப்எஸ். இன்றும் பரவலாகப் புழங்குகிறது. அதன் வழக்கமான அமைப்பில், கணினி அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளிலும் பயனர் எண்ணும் குழு எண்களும் இருக்கும். சர்வர் அவற்றை அப்படியே நம்பிவிடும். ஒரே கட்டடத்தில், ஒரே நிர்வாகி பார்த்துக்கொள்ளும் கணினிகளுக்கு அது போதும். இன்னொரு வேடிக்கை: அந்த வேண்டுகோளில் 16 கூடுதல் குழுக்களுக்கு மட்டுமே இடம் உண்டு. நீங்கள் 20 குழுக்களில் உறுப்பினர் என்றால், மீதி 4 குழுக்கள் தரும் உரிமை வழியிலேயே காணாமல் போய்விடும்.

இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் பலர் செய்வது ‘சிஎச்மாட் 777’ என்ற கட்டளையைத் தட்டுவது. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்புக்கும் 7 கொடுத்தால் கோப்பு உடனே திறக்கும். நோய் என்னவென்று பார்க்காமல் வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பது போன்ற வைத்தியம் இது. லினக்ஸில் ஒரு கோப்பை நீக்கும் உரிமையைத் தீர்மானிப்பது அந்தக் கோப்பின் அனுமதி அல்ல, அது இருக்கும் கோப்புறையின் அனுமதி. கோப்புறைக்கு 777 கொடுத்துவிட்டால், அதற்குள் நீங்கள் பூட்டி வைத்த கோப்பைக்கூடப் பொதுவாக யார் வேண்டுமானாலும் அழித்துவிடலாம். படிக்க முடியாதவர் அழிக்க மட்டும் முடியும்!

வேறு என்ன செய்வது? முதலில் ‘ஐடி’ என்ற கட்டளையை இரண்டு கணினிகளிலும் கொடுத்துப் பாருங்கள். உங்கள் எண் தெரியும். பிறகு ‘எல்எஸ் -எல்என்’ கொடுத்தால், கோப்பின் உரிமையாளரைப் பெயருக்குப் பதில் எண்ணாகவே காட்டும். எண்கள் பொருந்தாவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. எல்லாக் கணினிகளும் ஒரே பதிவேட்டைப் பார்த்து எண் வழங்கும்படி நிர்வாகி அமைக்க வேண்டும். சேமிப்பகத்தில் ஏற்கெனவே உள்ள கோப்புகளின் எண் தானாக மாறாது. அவற்றையும் அவர்தான் மாற்றித் தர வேண்டும்.

எண்கள் பொருந்தியும் திறக்கவில்லையா? வழியைப் பாருங்கள். அடுக்குமாடியில் உங்கள் வீட்டுச் சாவி கையில் இருந்தாலும் கீழே வாயிற்கதவு பூட்டியிருந்தால் மேலே போக முடியாது. கோப்புக்கு மேலே உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழையும் அனுமதி, அதாவது அந்த 1, வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் குழப்பமானது, ஒருமுறை திறந்து மறுமுறை மறுக்கும் கோப்பு. தரவைப் பல சர்வர்களில் பரப்பி வைக்கும் சேமிப்பகங்களில் இது நேரக்கூடும். கிளஸ்டர்எஃப்எஸ் அப்படிப்பட்ட ஒன்று. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதில் ஒவ்வொரு சர்வரும் தரும் வட்டுப் பகுதிக்குப் ‘பிரிக்’, அதாவது செங்கல், என்று பெயர். கோப்புகள் செங்கல்களில் பிரிந்து கிடந்தாலும், ஒரே கோப்புறை எல்லாச் செங்கல்களிலும் இருக்கும். யாராவது ஒரு சர்வருக்குள் நேரடியாகப் புகுந்து, அந்தச் செங்கலில் மட்டும் அனுமதியை மாற்றிவிட்டால் மற்றவற்றுக்கு அது தெரியாது. அதன்பின் எந்தச் சர்வர் பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்து விடையும் மாறலாம். அதனால்தான் அனுமதியை மாற்றுவதென்றால், பயனர்கள் நுழையும் அதே பொது வழியாக நுழைந்து மாற்றுகிறார்கள். அப்போது மாற்றம் எல்லாச் செங்கல்களுக்கும் போய்ச் சேரும்.