சாவி கொடுத்தால் கடமை தீர்ந்ததா?



பத்தாண்டுக் காலம் பட்டறையிலே இரும்போடு இரும்பாய் வெந்து, மனைவியின் கழுத்திலே கிடந்ததைக் கழற்றி விற்று, வங்கிக் கடனையும் தலையிலே ஏற்றிக்கொண்டு, தொழிலாளி ஒருவன் அடுக்குமாடியிலே ஒரு வீடு வாங்குகிறான். குடிபுகுந்த ஆண்டே ஐப்பசி அடைமழை. தளத்திலே ஒழுக்கு! சுவரிலே ஓதம்! தூணிலே விரிசல்! ஓடுகிறான், கட்டி விற்றவரிடம்.

“சாவி வாங்கினீர், கையெழுத்துப் போட்டீர், கணக்குத் தீர்ந்தது. இன்னும் என்ன?” என்கிறார் அவர். அழுத்திக் கேட்டால், “கொத்தனார் சரியில்லை” என்று கையை விரிக்கிறார்.

எப்படி இருக்கிறது நியாயம்! கலவையிலே சிமென்டைக் குறைக்கச் சொன்னது யார்? போட்ட தளத்துக்குத் தண்ணீர் கட்ட நாள் கொடாமல், சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கச் சொன்னது யார்? அன்றாடக் கூலிக்கு வந்தவனா? இலாபத்திலே காலணாப் பங்கு இல்லாத கொத்தனாருக்குப் பழியிலே மட்டும் முழுப் பங்காம்! சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்ததே, மாண்டவர் 61 பேர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர்கள். கட்டடத்தின் குறைக்கு உயிரைக் கொடுத்தவன் மீதா பழி?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ‘ரெரா’ என்று சொல்கிறார்களே, 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 14-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைப்பாட்டுக் குறையோ தெரிவிக்கப்பட்டால், 30 நாளுக்குள், ஒரு காசும் வாங்காமல், கட்டி விற்றவரே சரிசெய்து தரவேண்டும். தவறினால் இழப்பீடு. முறையிட இங்கே தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம் இருக்கிறது. சாவி கொடுத்த நாளிலே கடமை தீரவில்லை. 5 ஆண்டுப் பொறுப்பு அன்றுதான் தொடங்குகிறது!

ஆனால், இதே சட்டத்திலே ஓர் ஓட்டை. 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டுக்கு மேற்படாத மனை என்றாலோ, 8 வீடுகளுக்கு மேற்படாத கட்டடம் என்றாலோ, திட்டத்தைப் பதிவு செய்யவே தேவையில்லையாம்! ஏழை எளியவன் வாங்குவது எது? சந்துக்குள்ளே நாலும் ஆறுமாகக் கட்டி விற்கிற வீடுகள்தாமே! மாளிகைக்குக் காவல், குடிசைக்குத் திறந்த கதவு. இதைத் திருத்தக் கேட்பது நம் உரிமை.

சொந்த மனையிலே கான்ட்ராக்டரை வைத்துக் கட்டுகிறவனுக்கோ இந்தச் சட்டமே துணைக்கு வராது. அவன் போகவேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் ‘சேவை’யே என்று 1993-லேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கொடுத்த தொகை 50 இலட்சத்துக்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையமே போதும். 5 இலட்சம் வரை கட்டணம் கிடையாது. குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆனால் கெடு 2 ஆண்டு.

அந்தக் கெடுதான் ஆளை விழுங்குகிறது. சென்ற மாதம் படிப்பகத்துக்கு ஒரு தோழர் வந்தார். 14 இலட்சத்துக்குப் பேசிக் கட்டிய வீடு. முதல் மழையிலேயே தளம் ஒழுகியிருக்கிறது. “இதோ ஆள் அனுப்புகிறேன், அதோ அனுப்புகிறேன்” என்றே காலம் கடத்தியிருக்கிறார் கான்ட்ராக்டர்.

“ஒப்பந்தம் எங்கே?” என்றேன். 

“வாய்ப்பேச்சுதான் அண்ணே.” 

“விரிசலைப் படம் எடுத்தீரா?” 

“பொங்கலுக்குப் பூசி வெள்ளையடித்துவிட்டேன்.”

எனக்குத் தலை சுற்றியது! வழக்குக்குச் சாட்சியே அந்த விரிசல்தானே! நல்லவேளையாகப் பணத்தையெல்லாம் வங்கி வழியாக அனுப்பியிருந்தார். பாஸ் புத்தகத்திலே தேதியும் தொகையும் இருந்தன. படுக்கையறைத் தளத்திலே பூசாத ஒரு மூலையும் மிஞ்சியிருந்தது. பொறியாளர் ஒருவரை அழைத்துப்போய் அதைக் காட்டி, அறிக்கை எழுதி வாங்கினோம். கான்ட்ராக்டருக்கு ஸ்பீடு போஸ்டிலே அறிவிப்பும் போனது. முதல் ஒழுக்கைக் கண்டு 1 ஆண்டும் 10 மாதமும் ஆகிவிட்டன. இன்னும் 2 மாதம் இருக்கிறது. அன்றிரவே மனு எழுத உட்கார்ந்தோம்.