விலை மிகுந்த பெட்ரோல் அவசியமா?

காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்குச் சரக்கேற்றிச் செல்லும் நம் அங்கத்தினர் சிலர், மோட்டார் சைக்கிளுக்கு விலை மிகுந்த பெட்ரோலே நல்லதெனக் கருதுகின்றனர். இக்கருத்து சரியன்று என்போம். ஆக்டேன் எண் என்பது, எஞ்சினுக்குள் பெட்ரோல் உரிய காலத்திற்கு முன் வெடிக்காமல் தாங்கும் திறனைக் குறிக்குமேயன்றி, அதன் வலிமையைக் குறிக்காது. சாதாரணப் பெட்ரோலில் 91 ஆக இருந்த இவ்வெண், 20 சதவீத எத்தனால் கலப்பால் 95 ஆகியுள்ளதென 2025இல் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் தெரிவித்தது. பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும்.

நாம் கவனிக்க வேண்டியது எத்தனாலையே. அது நீரை ஈர்க்கும். பழைய வண்டிகளின் ரப்பர் உறுப்புகளைக் கெடுக்கவுங்கூடும். ஆதலால் அவற்றை அவ்வப்போது பரிசோதித்தல் நலம். வண்டியை நெடுநாள் ஓட்டாது நிறுத்தலாகாது.

ஐயம் எழுந்தால் வடிதாள் சோதனையையும் ஐந்து லிட்டர் அளவுச் சோதனையையும் பங்க்கிலேயே கேட்டுப் பெறுவது வாங்குவோர் உரிமை. வீண் செலவில் மிஞ்சும் தொகையைச் சங்கத்தில் சேமிப்போமாக!