திருத்தப்படுவோர் பேறுபெற்றோர்

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னார் நோக்கிச் செல்லும் பழைய பாதையில், வில்பத்துக் காட்டின் விளிம்பில் அமைந்திருக்கிறது எலுவன்குளம். பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இவ்வழியே வந்து, கலா ஓயாவின் குறுக்கே தாழ்வாக அமைந்த சப்பாத்துப் பாலத்தைக் கடப்பர். மழைக் காலத்தில் ஆறு பெருகினால், நீர் பாலத்தின் மேலாகவே பாயும். அவ்வேளையில் ஆற்றை அறிந்த ஊரவர் ஒருவர், "இன்று கடக்க வேண்டாம், வெள்ளம் வடிந்த பின் போங்கள்" என்று தடுத்தால், அதனை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. திரும்பிச் செல்பவரும், தாம் யாத்திரை செய்யவே தகுதியற்றவர் என்று முடிவு கட்டுவதில்லை.

ஆனால் இதே அன்பான தடுப்பு, ஆசிரியரின் சிவப்பு மையினால் நம் பிள்ளையின் கொப்பியில் எழுதப்பட்டு வரும்போது நிகழ்வது என்ன? கொப்பி புத்தகப் பையின் அடியில் ஒளித்து வைக்கப்படுகிறது. "இந்த வசனம் பிழை" என்று ஆசிரியர் எழுதியதை, "நீயே பிழை" என்று பிள்ளையின் உள்ளம் வாசிக்கிறது. "எனக்குப் படிப்பு வராது" என்னும் முடிவு, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே மனத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

அன்பார்ந்தவர்களே, இந்த ஐயம் நமக்குப் புதிதன்று. தமக்கு நாவன்மை இல்லை என்று மோசே தயங்கினார். தாம் சிறுபிள்ளை என்று எரேமியா பின்வாங்கினார். பிற்காலத்தில், படிப்பினாலேயே இச்சோதனைக்கு உள்ளான மாணவர் ஒருவரைத் திருச்சபை நமக்குத் தந்திருக்கிறது. அவரே பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜோன் மரிய வியான்னி.

பிரான்ஸ் நாட்டின் தார்தியி என்னும் ஊரில் 1786ஆம் ஆண்டு, உழவர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் குழப்பத்தில் அவரது கல்வி தடைப்பட்டது. இருபது வயதளவில், தம்மைவிட மிக இளைய சிறுவர்களோடு அமர்ந்து, சார்ல்ஸ் பாலே அடிகளாரிடம் இலத்தீன் கற்கத் தொடங்கினார். படித்தது மனத்தில் நிற்கவில்லை. வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று மனம் சோர்ந்தார். 1806இல், கற்கும் வரம் வேண்டி, புனித ஜோன் பிரான்சிஸ் ரெஜிஸின் கல்லறைக்குக் கால்நடையாகவே யாத்திரை சென்றார்.

அதன் பின்னரும் இலத்தீன் எளிதாகிவிடவில்லை. 1813இல் லியோன் குருமடத்தில் சேர்ந்தவர் சில மாதங்களிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்து வந்த பரீட்சையிலும் இலத்தீன் வினாக்களின் முன் குழம்பிப்போனார். பாலே அடிகளாரோ தளரவில்லை. தம் மாணவரை மீண்டும் அமர்த்திக் கற்பித்தார்; தாய்மொழியான பிரெஞ்சில் வினவும்படி மேலிடத்தை வேண்டினார். இம்முறை வியான்னியின் விடைகள் மனநிறைவளித்தன. 1815 ஓகஸ்ட் 13 அன்று கிரனோபிளில் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அனுமதி சிறிது காலம் தாழ்த்தியே வழங்கப்பட்டது. அனுமதி கிடைத்ததும் அவரிடம் முதலில் முழந்தாளிட்டவர், அவருக்குக் கற்பித்த அதே பாலே அடிகளார்! பின்னாளில் ஆர்ஸ் என்னும் சிற்றூரில், மக்கள் திரள்திரளாக வந்து காத்திருக்க, நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரை அவர் அப்பணியாற்றினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வியான்னி பரீட்சையில் தவறியது உண்மை. அதை அவர் மறைக்கவில்லை, ஆசிரியரும் மறைக்கவில்லை. எந்த இடத்தில் குறை உண்டோ, அந்த இடத்திலேயே இருவரும் சேர்ந்து மீண்டும் உழைத்தனர். "இது உனக்கு இன்னும் வரவில்லை" என்பதும், "உனக்கு எதுவும் வராது" என்பதும் ஒன்றல்ல. முன்னது திருத்தம், பின்னது தீர்ப்பு. மாணவச் செல்வங்களே, முன்னதை ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னதை யார் சொன்னாலும், உங்கள் உள்ளமே சொன்னாலும், நம்பிவிடாதீர்கள்.

திறமை மிக்கோருக்கும் திருத்தம் தேவை. சொல்வன்மையும் மறைநூல் புலமையும் கொண்ட அப்பொல்லோ எபேசு நகரில் துணிவுடன் போதித்தார். அவர் அறிந்திருந்ததில் ஒரு குறை இருந்தது. கூடாரத் தொழில் செய்த அக்கிலாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் அதனைக் கண்டுணர்ந்து, அவரைத் தம்மோடு அழைத்துச் சென்று தெளிவாக விளக்கினர் (திருத்தூதர் பணிகள் 18). சபை நடுவே அவரை அவர்கள் நாணச் செய்யவில்லை. அவரும் அவர்களது தொழிலைப் பார்த்து அறிவுரையைத் தள்ளவில்லை.

பெற்றோரே, ஆசிரியர்களே, நமக்கும் இதில் பாடம் உண்டு. பிறர் முன்னிலையில் பிள்ளையின் புள்ளிகளைக் கூறி, அயல் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது திருத்தமாகாது. சரியாகச் செய்ததை முதலில் காட்டி, பிழையைத் தனியே விளக்கி, மீண்டும் முயலத் துணை நிற்பதே திருத்தம்.

இன்று மாலை, பையின் அடியில் கிடக்கும் அந்தக் கொப்பியை வெளியே எடுப்போம். சிவப்பு மையில் உள்ள ஒரே ஒரு பிழையைத் தெரிந்து, விளங்காவிடில் ஆசிரியரிடம் கேட்டு, அதை மட்டும் திருத்தி எழுதுவோம். இரவுச் செபத்தின்போது அந்த ஆசிரியருக்காகவும் இறைவனுக்கு நன்றி கூறுவோம். வெள்ளம் வடியும், பாலம் தெரியும், யாத்திரை தொடரும்.