கடற்கரை நீள் வெளிப்பாட்டு ஒளிப்படக்கலை

கடற்கரை நீள் வெளிப்பாட்டு ஒளிப்படக்கலை என்பது கேமராவின் ஷட்டரை அரை நொடி முதல் பல நிமிடங்கள் வரை திறந்து வைத்துக் கடலையும் கரையையும் படமெடுக்கும் முறையாகும். ஒளிப்படக்காரர்கள் இதனை லாங் எக்ஸ்போஷர் என்று அழைப்பர். பாறை, தூண், கலங்கரை விளக்கம் போன்ற அசையாப் பொருட்கள் இப்படங்களில் தெளிவாகப் பதிகின்றன. அலையும் மேகமும் கரைந்து பால் போலவோ மூடுபனி போலவோ தெரிகின்றன. கரையில் நடமாடும் மனிதர்களும் இவ்வாறே கரைந்துபோவார்கள். இக்கலையைப் பற்றிய கையேடுகள் இதனை ஒரு வசதியாக மட்டுமே குறிப்பிடுவதுண்டு.

அலை மூடுபனியாவது எவ்வாறு

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கேமராவின் உணரி ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பாறையின் அடியில் உள்ள ஓரிடத்தில் ஒரு கணம் வெண்ணுரை இருக்கும்; மறுகணம் கருநீர் இருக்கும். படத்தில் பதிவது இவற்றின் சராசரியே. நுரை அதிக ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அந்தச் சராசரி வெளிறியும், ஒவ்வோர் அலையும் வெவ்வேறு உயரத்தில் மோதுவதால் விளிம்பின்றியும் அமைகிறது. கண் இதனைப் பனி என்று படித்துக்கொள்கிறது.

எனவே எவ்வளவு நேரம் என்பதே படத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. அரை நொடி முதல் இரண்டு நொடி வரை திறந்தால், மணலில் பின்வாங்கும் நுரை நூலிழைகளாகத் தெரியும். நீர் எத்திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடியது என்பதை அவ்விழைகளில் காணலாம். அலைகள் பொதுவாகச் சில நொடிகளுக்கு ஒரு முறை கரையை அடைவதால், 30 நொடியில் பல அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து இழைகள் மறைந்துவிடும். மூன்று, நான்கு நிமிடங்களில் கடல் கண்ணாடித் தகடு போலாகும். மேகங்கள் கோடுகளாக நீளும். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் நீண்ட நேரத்தையே நாடுகின்றனர். அப்படங்கள் அழகானவைதான்; ஆனால் எந்தக் கடல், அன்று காற்று எப்படி இருந்தது என்ற அடையாளம் அவற்றில் எஞ்சுவதில்லை. கொந்தளிக்கும் கரைக்குக் குறுகிய நேரமே பொருத்தமானது.

பகலில் படமெடுத்தல்

விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் ஒளி குறைவு என்பதால் ஷட்டரைத் தயக்கமின்றித் திறந்து வைக்கலாம். பகலில் அப்படிச் செய்தால் படம் வெளுத்துவிடும். அதற்காக லென்ஸின் முன் என்.டி. எனப்படும் சாம்பல்நிற வடிகட்டியைப் பொருத்துவர். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும். ஆகவே 6 ஸ்டாப் வடிகட்டி ஒளியை 64இல் ஒரு பங்காகவும், 10 ஸ்டாப் வடிகட்டி 1,024இல் ஒரு பங்காகவும் குறைக்கிறது. வடிகட்டியின்றி 1/60 நொடி தேவைப்படும் காட்சிக்கு முதலாவதில் சுமார் 1 நொடியும், இரண்டாவதில் சுமார் 17 நொடியும் தேவைப்படும்.

முக்காலி இன்றியமையாதது. ஈரமணலில் அதன் கால்கள் மெல்லப் புதையும் என்பதால் முதலிலேயே அழுத்தி ஊன்ற வேண்டும். அடர்ந்த வடிகட்டி வழியே பார்ப்பது கடினமாதலால் காட்சியமைப்பையும் குவியத்தையும் முடித்த பிறகே அதனை மாட்டுவர். பெரும்பாலான கேமராக்களில் தானியங்கி நேரம் 30 நொடியுடன் முடிகிறது. அதற்கு மேல் பல்ப் முறையும் தொலை இயக்கியும் வேண்டும்.

ஃபிலிமில் இன்னொரு சிக்கல் உண்டு. நேரம் நீள நீள அதன் உணர்திறன் குறைவதால் ஒளிமானி காட்டுவதைவிடக் கூடுதல் நேரம் தர வேண்டும். ஃபியூஜியின் நியோபான் 100 ஆக்ரோஸ் 120 நொடி வரை இத்திருத்தம் தேவைப்படாததால் இத்துறையினரிடம் பெயர் பெற்றது.

வரலாறு

தொடக்கக்கால ஒளிப்படங்கள் அனைத்துமே நீள் வெளிப்பாடுகள்தாம். 1838இல் லூயி டாகேர் பாரிசின் பூல்வார் டு டாம்பிள் வீதியை எடுத்த படத்தில் வண்டிகளும் நடப்போரும் மறைந்து, நெரிசலான வீதி வெறிச்சோடித் தெரிகிறது. காலணிக்கு மெருகேற்ற ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்திருக்கிறார். அவர் முன் மெருகேற்றுபவரும் மங்கலாகத் தெரிகிறார். கடலை உறையவைப்பது அன்று பெரும் சாதனை. குஸ்தாவ் லெ கிரே 1857இல் பிரான்சின் செத் நகரில் எடுத்த பெரிய அலைப் படம் அதற்காகவே வியக்கப்பட்டது. கடலுக்கும் வானுக்கும் வெவ்வேறு நெகட்டிவ்களை அவர் இணைத்தார். அன்றைய கலைஞர் தவிர்க்கப் போராடிய மங்கலை இன்றைய கலைஞர் விலை கொடுத்து வாங்குகிறார். 1953இல் இங்கிலாந்தில் பிறந்த மைக்கேல் கென்னா இரவில் 10 மணி நேரம் வரை நீளும் வெளிப்பாடுகளால் அறியப்படுபவர். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களின் தாக்கம் இத்துறையில் பெரிது.

பாதுகாப்பு

கென்னா படமெடுத்த மோன் சான் மிஷேல் பகுதியில் ஓத ஏற்றத்தாழ்வு 10 மீட்டரைத் தாண்டும். அங்கு அட்டவணை பார்க்காமல் இறங்குவது உயிருக்கு ஆபத்து. தமிழகக் கரையின் பெரும்பகுதியில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் கள்ளக்கடல் உண்டு. தொலைதூர இந்தியப் பெருங்கடல் புயல்களில் பிறந்த நெடிய அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் திடீரென ஏறிவரும். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. நான்கு நிமிடம் கேமராத் திரையைப் பார்த்தபடி பாறைமேல் நிற்பவருக்கு இது அவசியமான செய்தி.

மறையும் மனிதர்கள்

நடந்து செல்பவர் ஓர் இடத்தை மறைப்பது ஏறத்தாழ அரை நொடி. 60 நொடி வெளிப்பாட்டில் அது 120இல் ஒரு பங்கு. எனவே பின்னணியே வெல்கிறது. சோழமண்டலக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால் ஒளிப்படக்காரர்கள் வரும் நேரமும் படகுகள் கரையேறும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. கரைவலை இழுப்போரும் மீன் கூடை சுமக்கும் பெண்களும் இருந்த கரை, படத்தில் ஆளில்லாத வெளியாகிறது. இதில் ஒட்டுவேலை ஏதுமில்லை. ஆனாலும் பார்ப்பவர் அதனை யாரும் வாழாத இடமென்றே எண்ணக்கூடும். அவர்களையும் படத்தில் வைக்க விரும்புவோர் நேரத்தை ஒரு நொடிக்குக் குறைக்கின்றனர், அல்லது அசையாது நிகழும் வேலைக்காகக் காத்திருக்கின்றனர். உட்கார்ந்து வலை சீர்செய்பவர் சில நொடி வெளிப்பாட்டிலும் பதிகிறார். நூலிழுக்கும் கை மட்டும் மங்குகிறது.