மணியோசை முன்னே!

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பது பழமொழி. விலங்குகள் கற்கும் முறையும் ஏறக்குறைய இதுவேதான்.

1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், நாய்களுக்கு ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, உடனே உணவு கொடுத்தார். பலமுறை இப்படிச் செய்தபின், ஒலி கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது. உணவை முதலில் கொடுத்துவிட்டு ஒலியைப் பின்னர் எழுப்பினால்? நாய் அவ்வளவாகக் கற்பதில்லை. வந்துவிட்ட உணவுக்கு முன்னறிவிப்பு எதற்கு?

எவ்வளவு முந்துகிறது என்பதும் முக்கியம். முயலின் கண்ணில் காற்றை ஊதினால் அது இமைக்கும். ஊதுவதற்குக் கால் முதல் அரை வினாடி முன்னதாக ஒலி எழுப்பி வந்தால், நாளடைவில் ஒலி கேட்டவுடனேயே இமைக்கும். இடைவெளி சில வினாடிகளானால் கற்பது கடினமாகிவிடும்.

ஆனால், உணவு விஷயத்தில் இக்கணக்கு பொருந்தாது. புதுச் சுவையுள்ள நீரைக் குடித்த எலிகளுக்கு ஒரு மணி நேரத்திற்கும் மேல் கழித்துக் குமட்டல் உண்டாக்கினாலும், அவை அச்சுவையை வெறுத்ததை ஜான் கார்சியாவும் அவர் குழுவினரும் 1966-இல் காட்டினர். நஞ்சு வேலை செய்ய நேரமாகும் அல்லவா?

விரைவில் வேலை செய்யும் சிங்க் பாஸ்பைடு கலந்த இரையைச் சிறிது தின்று பிழைத்த எலி, அதை மறுபடி தொடத் தயங்குவது இதனால்தான். வார்ஃபரினோ சில நாட்கள் கழித்தே கொல்கிறது. அவ்வளவு நீண்ட இடைவெளியில், எலி தன் நோயையும் தின்ற இரையையும் தொடர்புபடுத்துவதில்லை, தொடர்ந்து தின்கிறது. எலிமருந்தின் வெற்றியும் தோல்வியும்கூடக் காலத்தைப் பொறுத்ததே!